127 குடிநோயாளிகள், ஒரு பசியடக்கும் ஊசி: கோபன்ஹேகன் சோதனையின் நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில், குடியை விட வேண்டும் என்று சிகிச்சை தேடி வந்த 127 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். 26 வாரம், வாரம் ஒரு ஊசி. ஒரு குழுவுக்கு எக்ஸெனடைடு என்ற சர்க்கரை நோய் மருந்து. இன்னொரு குழுவுக்கு மருந்தே இல்லாத வெற்று ஊசி. யாருக்கு எது போகிறது என்பது போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது, விளைவை அளப்பவருக்கும் தெரியாது. முடிவுகள் 2022-இல் ஜேசிஐ இன்சைட் என்ற மருத்துவ இதழில் வந்தன. ஆய்வை வழிநடத்தியவர் ஆண்டர்ஸ் ஃபிங்க்-யென்சன் என்ற மனநல மருத்துவர். பங்கேற்றவர்கள் யார் என்பது வெளியே தெரியாது, தெரியவும் கூடாது.

இதை இப்போது எடுத்து எழுதக் காரணம் இருக்கிறது. எடை குறைக்கப் போடும் ஊசி குடிப்பழக்கத்தையும் நிறுத்திவிடுகிறதாம் என்ற பேச்சு நம் ஊருக்கும் வந்துவிட்டது. அந்த ஊசிகளில் முக்கியமான செமாக்ளூடைடின் காப்புரிமைக் காலம் இந்தியாவில் 2026 மார்ச் வரைதான். விலை இறங்கினால் இந்தக் கேள்வி பெரிய ஆஸ்பத்திரிகளில் மட்டும் இல்லாமல் தெருமுனை கிளினிக்கிலும் கேட்கப்படும். கேட்பவர் பெரும்பாலும் நோயாளியாக இருக்க மாட்டார், அவருடைய மனைவியாகவோ அம்மாவாகவோ இருப்பார். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள், குடிநோயாளிகளிடம் இந்த வகை மருந்தை முறையாகச் சோதித்த முதல் பெரிய ஆய்வில் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பின்னணி: குடலுக்கும் குடிக்கும் என்ன தொடர்பு

சாப்பாடு சிறுகுடலின் கடைப்பகுதியை நெருங்கும்போது அங்கே இருக்கும் எல் செல்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. இது கணையத்தில் இன்சுலினைக் கூட்டுகிறது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, போதும் என்ற உணர்வை மூளைக்குக் கொண்டுபோகிறது. ஆனால் ரத்தத்தில் இரண்டு நிமிடத்துக்குள்ளாகவே பாதி சிதைந்துவிடும். ஆகவே அதை அப்படியே மருந்தாகக் கொடுக்க வழியில்லை.

வழி கிடைத்தது ஒரு பல்லியிடமிருந்து. அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் விஷத்தில், ஜிஎல்பி-1 போலவே வேலை செய்யும், ஆனால் எளிதில் சிதையாத ஒரு புரதத் துணுக்கை ஜான் எங் என்பவர் 1992-இல் கண்டுபிடித்தார். அதன் செயற்கை வடிவம்தான் எக்ஸெனடைடு. 2005-இல் அமெரிக்காவில் சர்க்கரை நோய்க்கு அனுமதி கிடைத்தது. லிராக்ளூடைடு, செமாக்ளூடைடு எல்லாம் இதே வகையில் பிறகு வந்தவை.

குடலில் ஊறுகிற ஜிஎல்பி-1 மூளைத் தண்டில் உள்ள சில நரம்பு செல்களிலும் உருவாகிறது. அந்த செல்களின் இழைகள், ஆசையைத் தூண்டும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நடுமூளைப் பகுதிக்கும் அந்த டோபமைன் போய்ச் சேரும் இடத்துக்கும் நீள்கின்றன. பிரியாணி வாசனைக்கு நாக்கு ஊறுவதும், பாட்டிலைப் பார்த்ததும் கை பரபரப்பதும் இதே பாதையில்தான். உணவுக்கென்று ஒன்று, போதைக்கென்று ஒன்று என மூளை தனித்தனி வாசல் வைத்துக்கொள்ளவில்லை.

எதிர்த் திசையில் இருந்தும் சான்று உண்டு. இரைப்பையில் ஊறிப் பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் 1999-இல் ஜப்பானில் கண்டறியப்பட்டது. அதன் ஏற்பியை (ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் புரதத்தை) முடக்கிய எலிகளுக்கு மது தரும் கிளர்ச்சி குறைந்ததை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். 2018-இல் அமெரிக்காவில் அதிகம் குடிப்பவர்களுக்கு நரம்பு வழியாகக் கிரெலினைச் செலுத்தி, ஒரு பட்டனை அழுத்தி மதுவை ஏற்றிக்கொள்ள விட்டபோது, அவர்கள் கூடுதலாக ஏற்றிக்கொண்டார்கள். பசி கூடினால் குடி கூடுகிறது என்ற இந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஜிஎல்பி-1 வகை மருந்து கொடுத்த எலிகள் குறைவாகக் குடித்தன. அப்புறம் குரங்குகள். கரீபியன் கடலில் இருக்கும் செயின்ட் கிட்ஸ் தீவின் வெர்வெட் குரங்குகளில் மதுவை விரும்பிக் குடிப்பவை உண்டு. எக்ஸெனடைடும் லிராக்ளூடைடும் அவற்றின் குடியைக் குறைத்ததை 2019-இல் ஃபிங்க்-யென்சனும் சகாக்களும் வெளியிட்டார்கள். மனிதர்களிடம் சோதனை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

குடிநோயாளி தினமும் மருந்து எடுப்பார் என்று நம்பித் திட்டம் போட முடியாது. இந்தத் துறையில் இருக்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போடும் 2 மில்லிகிராம் எக்ஸெனடைடைத் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல முடிவு.

இரண்டாவது முடிவு, இரண்டு குழுவுக்கும் சிபிடி எனப்படும், எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசி மாற்றும் வழக்கமான மனநலச் சிகிச்சையைச் சேர்த்துக் கொடுத்தது. சிகிச்சை கேட்டு வந்தவருக்கு வெற்று ஊசியை மட்டும் போட்டு ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வது அறமாகாது. ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. அது முடிவில் தெரிந்தது.

மூன்றாவது, எதை அளப்பது என்பது. ‘முழுதாக நிறுத்தினாரா’ என்று கேட்காமல், 30 நாளில் எத்தனை நாள் அளவுக்கு மீறிக் குடித்தார் என்று எண்ணினார்கள். ஆணுக்கு ஒரே நாளில் 60 கிராமுக்கு மேல் ஆல்கஹால், பெண்ணுக்கு 48 கிராமுக்கு மேல் போனால் அது அளவு மீறிய நாள். நம் கணக்கில் சொன்னால், 42.8 சதவீதம் ஆல்கஹால் உள்ள 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் சுமார் 61 கிராம் இருக்கிறது. அதாவது ‘ஒரு குவார்ட்டர்தானே’ என்று நம் ஊரில் சாதாரணமாகச் சொல்வது, அங்கே அளவு மீறிய நாளாக எழுதப்பட்டிருக்கும்.

இதைக் கேட்டு வாங்குகிற முறையையும் சொல்ல வேண்டும். நோயாளி முன்னால் ஒரு காலண்டரை வைத்துக்கொண்டு நேற்றிலிருந்து பின்னோக்கிப் போவார்கள். யாருக்குப் பிறந்தநாள், சம்பளம் எந்தத் தேதி, மேட்ச் என்றைக்கு, வீட்டில் சண்டை என்றைக்கு. நினைவில் நிற்கும் நாளைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து நாட்களில் எத்தனை கிளாஸ் என்று நிரப்புவது. ‘வாரத்துக்கு எவ்வளவு குடிப்பீங்க?’ என்று மொத்தமாகக் கேட்டால் வருகிற பதிலைவிட இது எவ்வளவோ நம்பகமானது. நம் கிளினிக்குகளில் பத்து நிமிடம் ஒதுக்கினாலே செய்துவிடலாம்.

நான்காவது முடிவுதான் இந்த ஆய்வைத் தனித்துக் காட்டுகிறது. பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினருக்கு மூளை ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருப்பவருக்கு மதுப் படங்களையும், மதுவோடு சம்பந்தமில்லாத படங்களையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். மதுவைப் பார்க்கும்போது மூளையின் எந்த இடம் எவ்வளவு துடிக்கிறது என்பது பதிவாகும். மருந்து மூளையைத் தொடுகிறதா, அல்லது குமட்டலை உண்டாக்கிக் கிளாஸைத் தள்ளிவைக்கச் செய்கிறதா என்ற சந்தேகத்துக்கு வாய்வார்த்தையை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது.

கண்டது

முதன்மைக் கேள்விக்கு விடை: இல்லை. 26 வாரக் கடைசியில் எக்ஸெனடைடு குழுவுக்கும் வெற்று ஊசிக் குழுவுக்கும் அளவு மீறிய நாட்களில் புள்ளியியல் ரீதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இரண்டு குழுவிலுமே குடி நன்றாகக் குறைந்திருந்தது. மேலே சொன்ன விலை இதுதான். வாராவாரம் ஒரு இடத்துக்கு வர வேண்டும், ஒருவர் அக்கறையாக விசாரிக்கிறார், சிபிடி நடக்கிறது, குடித்ததை எண்ணிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இவை சேர்ந்தே குடியைக் குறைத்துவிட்டபோது, அதற்கு மேல் மருந்து காட்ட வேண்டிய வித்தியாசத்துக்கு இடம் குறுகிவிடுகிறது. இடையில் விலகிப்போனவர்களும் நிறையப் பேர்.

ஸ்கேன் வேறு கதை சொன்னது. எக்ஸெனடைடு போட்டுக்கொண்டவர்களில், மதுப் படங்களுக்கு மூளை காட்டும் துடிப்பு இரண்டு இடங்களில் தணிந்திருந்தது. ஒன்று, வென்ட்ரல் ஸ்ட்ரியேட்டம், டோபமைன் போய்ச் சேரும் வெகுமதி மையம். இன்னொன்று, செப்டம் என்ற சிறு பகுதி. டோபமைனைத் திரும்ப உறிஞ்சும் கடத்திப் புரதத்தின் அளவும் இந்தக் குழுவில் குறைவாக இருந்தது.

செப்டம் தற்செயலாக வந்த பெயர் இல்லை என்பது என் எண்ணம். இந்த வகை மருந்துகள் ரத்தத்திலிருந்து மூளைக்குள் தாராளமாக நுழைந்துவிட முடியாது. அடையாளமிட்ட செமாக்ளூடைடை எலிகளுக்குச் செலுத்தி, மூளையில் அது எங்கெங்கே சேர்கிறது என்று 2020-இல் பார்த்தபோது, மூளைத் தண்டு, ஹைப்போதலாமஸ், செப்டம் ஆகிய இடங்களில்தான் அது தென்பட்டது. மனித ஸ்கேனில் தணிந்த இடமும், எலி மூளையில் மருந்து சேர்ந்த இடமும் ஒரே பெயரில் வந்து நிற்கின்றன. இது நிரூபணம் ஆகாது. ஆனாலும், எல்லாம் குமட்டல் செய்கிற வேலை என்று தள்ளிவிடுவதை இது கடினமாக்குகிறது.

ஆக, மதுவைக் கண்டால் மூளை முன்பு போலத் துள்ளவில்லை, குடிக்கிற நாட்களோ வெற்று ஊசிக்காரர்களைவிடக் குறையவில்லை. ஆசை தணிவதும் குடி நிற்பதும் ஒன்றல்ல என்பது குடிநோயாளியோடு வாழ்ந்த எந்தக் குடும்பத்துக்கும் தெரியும். ஆசையே இல்லாத நாளில் கூட சாயங்காலம் ஏழு மணிக்குக் கால் தானாக அந்தக் கடைப் பக்கம் திரும்பும்.

எடையை வைத்துப் பிரித்தபோது

முதன்மை விடை கிடைத்த பிறகு ஆய்வாளர்கள் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) அடிப்படையில் தரவைப் பிரித்துப் பார்த்தார்கள். இங்கேதான் நிகழ்வு திரும்புகிறது.

பிஎம்ஐ 30-க்கு மேல் இருந்தவர்கள் 30 பேர். அவர்களிடையே, வெற்று ஊசிக் குழுவோடு ஒப்பிட்டால், எக்ஸெனடைடு போட்டவர்களின் அளவு மீறிய நாட்கள் 23.6 சதவீதப் புள்ளி கூடுதலாகக் குறைந்தன. 30 நாளில் குடித்த மொத்த ஆல்கஹாலில் 1,205 கிராம் கூடுதல் குறைவு. குவார்ட்டர் கணக்கில் மாதம் சுமார் இருபது பாட்டில்.

பிஎம்ஐ 25-க்குக் கீழ் இருந்தவர்களிடம் நேர்மாறு. மருந்து போட்டவர்களின் அளவு மீறிய நாட்கள், வெற்று ஊசி போட்டவர்களைவிட 27.5 சதவீதப் புள்ளி அதிகம்.

எச்சரிக்கையோடு படிக்க வேண்டிய எண்கள் இவை. முன்கூட்டியே திட்டமிட்ட கேள்விக்கு விடை கிடைக்காத பிறகு, தரவைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தால் ஏதோ ஒரு துண்டு பளபளக்கத்தான் செய்யும். முப்பது பேரை வைத்து மருந்துச் சீட்டு எழுத முடியாது. ஆய்வாளர்களும் இதை ஆராயும் நோக்கிலான பகுப்பாய்வு என்றே குறித்திருக்கிறார்கள். செய்தியாக்கியவர்களில் பலர் பருமனானவர்களுக்குப் பலித்தது என்ற பாதியை எடுத்துக்கொண்டு, ஒல்லியானவர்களுக்குக் கூடியது என்ற பாதியை விட்டுவிட்டார்கள். ஒரே ஆய்வில், ஒரே முறையில் கிடைத்த இரண்டு பாதிகளில் ஒன்றை நம்பினால் மற்றதையும் அதே அளவு நம்ப வேண்டும்.

ஒல்லியானவர் ஏன் கூடுதலாகக் குடிக்க வேண்டும்? உறுதியான விடை இல்லை. ஒரு ஊகம் சொல்லலாம். இந்த மருந்து சாப்பாட்டைக் குறைக்கிறது, எடையை இறக்குகிறது. கொழுப்புச் சேமிப்பு உள்ளவர் அதைத் தாங்குவார். சேமிப்பே இல்லாதவருக்கு உடல் எரிபொருள் கேட்கும், கிரெலின் ஏறும். ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி இருக்கிறது, மெல்ல வேண்டாம், செரிக்க வேண்டாம், தொண்டைக்குள் இறங்கினால் போதும். சோறு இறங்காதவருக்கு அதுவே சுலபமான கலோரி ஆகிவிடலாம்.

அதன் பிறகு

கோபன்ஹேகன் குழு அடுத்த சோதனையைத் திட்டமிட்டபோது முதல் ஆய்வு காட்டிய திசையிலேயே போனது. மருந்து செமாக்ளூடைடு, கால அளவு அதே 26 வாரம், எண்ணிக்கை 108 பேர், பிஎம்ஐ 30-ம் அதற்கு மேலும் உள்ளவர்கள் மட்டும். ஒல்லியானவர்களைச் சேர்க்கவே இல்லை. பின்னால் கண்டதை முன்னால் கேள்வியாக வைத்துச் சோதிப்பதுதான் முறை, அதைச் செய்தார்கள்.

மற்ற இடங்களிலிருந்தும் செய்திகள் வந்தன. சுவிட்சர்லாந்தின் பாசலில் புகைப்பழக்கத்தை விட வந்த 255 பேருக்கு டுலாக்ளூடைடு என்ற இதே வகை மருந்தைக் கொடுத்தபோது, புகையை விட்டவர்கள் விகிதம் இரு குழுவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அவர்களில் மது குடிப்பவர்களின் கணக்கைத் தனியாகப் பார்த்தபோது மருந்துக் குழு 29 சதவீதம் குறைவாகக் குடித்திருந்தது. ஸ்வீடனில் குடிநோய் என்று பதிவான 2,27,866 பேரின் மருத்துவப் பதிவேடுகளைப் புரட்டியபோது, செமாக்ளூடைடு எடுத்த காலத்தில் குடி காரணமாக ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு 36 சதவீதம் குறைந்திருந்தது. 2024-இல் வெளியான இந்த எண்தான் இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் அந்த ஊசி எழுதித்தரப்பட்டது சர்க்கரைக்கோ எடைக்கோ. அந்த 36 சதவீதம் பெரும்பாலும் சதைப்பிடிப்பான உடம்புகளைப் பற்றியது.

2025-இல் அமெரிக்காவில் 48 பேருக்குக் குறைந்த அளவு செமாக்ளூடைடை 9 வாரம் கொடுத்துப் பார்த்த சோதனை வந்தது. குடிக்கும் நாட்களின் எண்ணிக்கை மாறவில்லை. குடிக்கிற நாளில் உள்ளே போகும் அளவும், வேட்கையும் குறைந்தன. அவர்கள் சிகிச்சை தேடி வந்தவர்கள் இல்லை என்பதால் கோபன்ஹேகன் ஆட்களோடு நேரடியாக ஒப்பிட முடியாது.

நமக்கு எது மாறுகிறது

தமிழ்நாட்டுக் குடிநோய் வார்டு எதற்குள் நுழைந்தாலும், பெரும்பாலான படுக்கைகளில் கன்னம் ஒட்டிய ஆட்களைத்தான் பார்க்கலாம். சாப்பிடுவதே இல்லை என்பதுதான் வீட்டார் சொல்லும் முதல் புகார். காலையில் குடித்துவிட்டு மதியம் தட்டைத் தள்ளிவிடுகிற ஆள், ராத்திரி ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு பாதி பாட்டிலோடு படுத்துவிடுகிற ஆள். கோபன்ஹேகனில் எந்தப் பாதிக்கு மருந்து எதிராகப் போனதோ, அந்தப் பாதியைச் சேர்ந்த உடம்பு இது.

அவருக்குப் பசியடக்கும் ஊசி போடுவதில் குடி கூடுவது மட்டும் ஆபத்து இல்லை. இந்த மருந்துகளின் முக்கியப் பக்கவிளைவு குமட்டலும் வாந்தியும். ஏற்கெனவே தயமின் (வைட்டமின் பி1) வற்றிப்போன குடிநோயாளிக்கு, சாப்பாடும் இறங்காமல் வாந்தியும் சேர்ந்தால் மூளையையே பாதிக்கும் தயமின் குறைபாட்டில் கொண்டுபோய் விடலாம். கணைய அழற்சி வந்தவருக்கு இந்த வகை மருந்தைத் தருவதில் எச்சரிக்கை தேவை என்பது மருந்தின் விவரத்தாளிலேயே இருக்கிறது. கணைய அழற்சியோடு வருகிறவர்களில் குடியர்கள் எத்தனை பேர் என்று எந்த அரசு ஆஸ்பத்திரி வார்டிலும் கேட்டுப் பாருங்கள்.

மறுபக்கம், 110 கிலோ எடை, கட்டுப்படாத சர்க்கரை, தினமும் குடி என்று ஒருவர் வந்தால்? அவருக்கு சர்க்கரைக்காக இந்த ஊசியைத் தேர்ந்தெடுக்க ஏற்கெனவே நல்ல காரணம் இருக்கிறது. குடியும் குறைந்தால் லாபம். அதற்காக நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற குடிக்கென்றே அனுமதி பெற்ற மருந்துகளையும் ஆலோசனையையும் நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்புவதற்கு, இதுவரை வந்த எந்தச் சோதனையும் இடம் தரவில்லை.

இடையில் இருப்பவர்களைப் பற்றித்தான் எளிதாகச் சொல்ல முடியவில்லை. இந்தியர்களுக்கு பிஎம்ஐ 25 தொட்டாலே பருமன் என்று கணக்கிடுகிறோம், ஏனென்றால் நமக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை வந்துவிடுகிறது. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு 25 என்பது 68 கிலோ, 30 என்பது கிட்டத்தட்ட 82 கிலோ. கை கால் மெலிந்து, தொப்பை மட்டும் தள்ளி, 72 கிலோவில் வந்து உட்காருகிற ஆள் கோபன்ஹேகன் கணக்கில் எந்தப் பக்கம்? டென்மார்க்கின் கோட்டை அப்படியே இங்கே இழுத்துப் போட முடியாது. மருந்தின் போக்கைத் தீர்மானித்தது எடையா, கொழுப்பா, சர்க்கரை அளவா, அல்லது அந்த ஆள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்பதா என்று முதல் ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை.

இங்கே இப்படி ஒரு சோதனை நடக்குமானால், பிஎம்ஐயோடு இடுப்புச் சுற்றளவும் எழுதப்பட வேண்டும். குடித்த கணக்கைக் கேட்கும் அதே காலண்டரில், அன்றைக்கு எத்தனை வேளை சாப்பிட்டார் என்பதற்கும் ஒரு வரி விட வேண்டும். தயமின் எல்லோருக்கும் முதல் நாளிலிருந்தே. வெற்று ஊசிக் குழுவும் நன்றாகவே குறைத்துக்கொள்ளும் என்பதை எதிர்பார்த்து ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டிவைக்க வேண்டும். சர்க்கரைக்காக ஏற்கெனவே இந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருப்பவர்களைப் பொறுத்தவரை, சோதனை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வருகையிலும் எடையையும் சர்க்கரையையும் குறிக்கும் அட்டையில், கடந்த மாதம் எத்தனை நாள் குடித்தார் என்ற ஒரு கட்டத்தை இப்போதே சேர்த்துவிடலாம்.